பாதியில் நின்ற கோழிச் சேதி

எங்கள் தெருவில் அவசர வேலையாகப் போகிறவர்கள், வாசலில் கிரானாஸ் மதினி நிற்பதைப் பார்த்தால் அப்படியே திரும்பி, பேரீச்சந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போவார்கள். காலில் முள் குத்தினாலும் பரவாயில்லை என்று போவார்கள். பழக்க தோஷத்தில் "எல்லாம் நலமா?" என்று மதினியிடம் கேட்டுவிட்டால் அவ்வளவுதான், கேட்டவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

எங்கள் சனத்தில் வெளியூரிலிருந்து வந்தவர், தண்ணீர் குடித்த கையோடு சேதி கொடுக்க வேண்டும். பாதை எப்படி, மழை உண்டா, ஆடுகளுக்கு மேய்ச்சல் உண்டா, யார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் மௌத் ஆனார், எல்லாம் வரிசையாக வரவேண்டும். கேட்கிறவர்கள் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் வளர்ப்பு சரியில்லை என்று ஆகிவிடும். வந்தவர் "மற்றபடி நலம்" என்று முடித்த பிறகுதான் வீட்டார் தங்கள் சேதியைக் கொடுப்பார்கள். தேநீர் ஆறுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் மதினிக்கு அந்த "மற்றபடி" மட்டும் வாயில் வராது. ஒருமுறை வாய்க்காலுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்ததற்கே சேதி கொடுத்தாள். பானையில் அரிசி குழைந்துபோனது.

அவள் கணவன் சப்ஸல் என் அண்ணன். தண்ணி மோட்டார் மெக்கானிக். பேச்சில் அவளுக்கு நேர் எதிர். கராச்சிக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுதும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன், சபையில் பெரியவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, "மழை இல்லை. மற்றபடி நலம்" என்று முடித்துவிட்டான். எங்கள் சித்தப்பா பீர்தாத் வெட்கத்தில் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். "இந்த வீட்டுக்குப் பேச ஒரு ஆள் வேணும்" என்றார். பிறகு பல தடவை, தான் கேட்டது கொஞ்சம் அதிகமாகவே கிடைத்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார்.

மதினியின் உடுப்புப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் எல்லாருடைய உடுப்பிலும் முன்பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் நீளமாக ஒரு பை உண்டு. மற்றவர்கள் அதில் சாவியும் சில்லறையும் வைப்பார்கள். மதினி அதில் குடித்தனம் நடத்தினாள். வெங்காயம், ஊசிநூல், பேரீச்சம்பழம், தலைவலி மாத்திரை, கைபேசி, ஒரு பூட்டு. அந்தப் பூட்டு எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் போன பிறகு அவனுடைய படமும் அதற்குள் சேர்ந்தது.

போனான் என்று சொல்வது எங்கள் வாய்வழக்கம். கொண்டு போனார்கள். ஒரு தோப்பில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது நம்பர் இல்லாத வண்டி ஒன்று வந்தது. தோப்புக்காரர் ஓடி வருவதற்குள் வண்டி போய்விட்டது. மோட்டாரின் பக்கத்தில் அவனுடைய டூல் பெட்டியும் புதுச் செருப்பும் இருந்தன. செருப்பு ஜோடியாக, ஒழுங்காக இருந்தது. அவன் வேலை செய்யும்போது கழற்றி வைப்பது வழக்கம்.

மதினி அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். நானும் போனேன். எழுதும் போலீஸ்காரர் பேனாவைத் திறந்து, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். பாவம், அவர் பஞ்சாப் பக்கத்து ஆள், எங்கள் வழக்கம் தெரியாது.

"காலையில எந்திரிச்சோம்" என்று மதினி தொடங்கினாள். "காத்துல புழுதி. ஆடு ஒண்ணு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. நான் ரொட்டி சுட்டேன், அவரு ரெண்டு சாப்பிட்டாரு, மூணாவது வேணாம்னாரு..."

"அம்மா, விஷயத்துக்கு வாங்க."

"இதுதான் விஷயம். நீங்க குறுக்க பேசுனா நான் முதல்லேருந்து தொடங்கணும்."

அவர் மறுபடியும் குறுக்கே பேசினார். மதினி மறுபடியும் காலையில் எழுந்தாள். கடைசியில் அந்த மனிதர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆடு, புழுதி, ரொட்டி எல்லாவற்றையும் கேட்டார். புகாரை மட்டும் வாங்கவில்லை. "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார். நாங்கள் வெளியே வரும்போது, "அந்த ஆடு கிடைச்சுதா?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவள் குவெட்டாவுக்குப் பேருந்தில் போகத் தொடங்கினாள். அங்கே தெருவோரக் கொட்டகையில், காணாமல் போனவர்களின் வீட்டார் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். இடையிடையே அரசாங்க விசாரணை நடக்கும். விசாரணை அதிகாரி ஒருவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "உன் புருஷன் உன்ன விட்டுட்டு வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான்மா" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார்" என்றாள் மதினி. "என் பேச்சத் தாங்க முடியாம ஓடியிருக்கலாம். ஆனா செருப்ப விட்டுட்டு ஓட மாட்டாரு. அது புதுச் செருப்பு. வாங்கும்போது கடைக்காரன்கிட்ட வாயத் திறந்து பேரம் பேசியிருக்காரு. அவரு பேரம் பேசி வாங்குன ஒரே பொருள் அது."

அதிகாரிக்குப் பின்னால் நின்ற சேவகர் சிரிப்பை அடக்க இருமினார்.

குவெட்டாவுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுத் துர்பீபி அக்காவும் கூட வருவாள். அவளுடைய மகன் மீரானையும் அதே கோடையில்தான் கொண்டு போனார்கள். மீரானை எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது, அவன் தும்மலால். அது ஒரு தும்மலோடு நிற்காது. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கடைசிப் பெட்டி எது என்று தெரியாமல் எல்லாரும் காத்திருப்போம். என் அண்ணனின் நிக்காஹ்வில் காஜி "சம்மதமா?" என்று கேட்ட நேரத்தில் மீரான் தும்ம ஆரம்பித்து, அண்ணன் சொன்ன பதில் காஜிக்குக் கேட்காமல், மூன்று தடவை கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. படம் எடுக்கப் போனாலும் தும்முவான். அதனால் துர்பீபி அக்காவிடம் இருந்த ஒரே படத்தில் அவன் கண்ணை இறுக்கி, மூக்கைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்திருந்தான். பத்திரிகைக்காரர்கள் வேறு படம் கேட்பார்கள். "இதுதான் அவன் முகம். மத்த நேரத்துல எப்படி இருப்பான்னு எனக்கே ஞாபகமில்ல" என்பாள் அவள்.

இரண்டாவது வருடப் பேரீச்சை அறுவடையின்போது ஒரு மதியம், எங்கள் முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்து பழத்தைக் கூடையில் அழுத்திக்கொண்டிருந்தோம். மதினியின் பைக்குள் கைபேசி அடித்தது. அவள் கைவிட்டுத் தேடினாள். வெங்காயம் வந்தது. பூட்டு வந்தது. கைபேசி வந்தபோது அதன் முதுகில் பேரீச்சம்பழம் ஒட்டியிருந்தது. அந்தக் கைபேசியில் காதில் வைத்துக் கேட்கும் பாகம் எப்போதோ கெட்டுவிட்டது. ஸ்பீக்கரில்தான் கேட்க முடியும், அதனால் யார் பேசினாலும் முற்றத்துக்கே கேட்கும்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான்."

அண்ணனின் குரல். சித்தப்பாவின் கையிலிருந்த கூடை சாய்ந்தது. துர்பீபி அக்கா பாதி எழுந்து அப்படியே நின்றாள்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள் மதினி. கையிலிருந்த பூட்டு கீழே விழுந்தது. ஆனாலும் முறை தவறவில்லை. "நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். உடம்பு நல்லா இருக்கா?"

"உடம்பு நல்லா இருக்கு. சித்தப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு."

"மாஹல்?" அது நான்.

"இங்கதான் இருக்கா. பேச மாட்டா. நல்லா இருக்கா."

சித்தப்பா காற்றில் இரண்டு கைகளையும் விரித்து விரித்து, "எங்கே, எங்கே" என்று வாயசைத்தார். மதினி அவரைப் பார்த்தாள், தலையாட்டினாள், கைபேசியைப் பார்த்தாள்.

"சேதி குடுங்க" என்றாள்.

"நீ குடு" என்றான் அண்ணன்.

"வெளியூர் போனது நீங்கதானே. நீங்கதான் முதல்ல குடுக்கணும்."

"வந்து சேர்ந்தவன்தானே குடுக்கணும். நான் இன்னும் வந்து சேரலையே."

மதினி அந்த நியாயத்தை யோசித்தாள். "அப்ப மாமா வாங்கட்டும். பெரியவங்க இருக்கும்போது நான் வாங்குறது சரியில்ல."

"சித்தப்பாவுக்குப் போன்ல எப்படிக் குடுக்குறது? மரியாதையா இருக்காது. நீயே சொல்லு."

அவனுக்குப் பின்னால் யாரோ உருதுவில் "சீக்கிரம்" என்றது எங்களுக்குக் கேட்டது. சித்தப்பா தன் தலையில் அடித்துக்கொண்டார். மதினி மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள்.

"மழை இல்ல. வாய்க்காலு மண்ணு மூடிக் கிடக்கு. பழம் இந்த வருசம் சிறுசு, ஆனா இனிப்பு. பெரிய ஆடு ரெட்டைக் குட்டி போட்டுச்சு, ஒண்ணு கறுப்பு. உங்க டூல் பெட்டில துர்பீபி அக்கா வீட்டுக் கோழி முட்டை போடுது."

"என் டூல் பெட்டிலயா?"

"ஆமா. பெரிய ஸ்பேனர் வைக்கிற தட்டுல."

"ஸ்பேனர் மேலயா போடுது?"

"அதுமேலதான் போடுது. வேற எடமே பிடிக்கல அதுக்கு."

அண்ணன் சிரித்தான். முற்றத்தில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டோம்.

"இப்ப முட்டை யாருக்குன்னு வழக்கு. பெட்டி நம்மது, கோழி அவங்களது. அதுக்கு நான் என்ன சொன்னேன்னா, அந்தக் கோழி..."

அத்தோடு அறுந்துவிட்டது.

திரும்ப அந்த எண்ணுக்கு அடித்தோம். போகவில்லை. அதற்கப்புறம் அது போகவே இல்லை.

சித்தப்பா மதினியை அதற்கு முன்னும் பின்னும் திட்டியதில்லை. அன்று திட்டினார். "எங்க இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா? யார் பிடிச்சு வச்சிருக்கான்னு கேட்டியா? அல்லாஹ் ஒரு கதவத் திறந்து விட்டான், நீ அதுக்குள்ள கோழிய விரட்டிவிட்ட."

"அவரு கேட்டாரு மாமா. கேட்டா குடுக்காம எப்படி?"

துர்பீபி அக்கா திட்டவில்லை. "மீரானைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மதினி மீதிப் பழத்தையெல்லாம் ஒருத்தியாகக் கூடையில் அழுத்தினாள். சாயங்காலம் வரைக்கும் அவள் பேசவில்லை. எங்கள் வீடு அவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை. ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சித்தப்பாவுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. "ஏதாச்சும் பேசும்மா" என்றார்.

"அவரு சிரிச்சாரு மாமா" என்றாள் மதினி. "எங்க இருக்கீங்கன்னு கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரா?" கூடையின் வாயைக் கட்டிக்கொண்டே, "சேதி பாதியில நிக்குது. அதக் கேக்காம அவரு எங்கயும் போக மாட்டாரு" என்றாள்.

"போறதும் வாறதும் அவன் கையிலயா இருக்கு?" என்றார் சித்தப்பா.

மதினி எழுந்துபோய் டூல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

அன்றுமுதல் அந்தக் கோழிக்கு நல்ல காலம் பிறந்தது. அண்ணன் வந்து கேட்கும்போது சேதி பொய்யாகிவிடக் கூடாது என்பது மதினியின் கவலை. டூல் பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது. ஸ்பேனரை யாரும் எடுக்கக் கூடாது. துர்பீபி அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்து கோழியைப் பிடிக்கப் போனபோது, மதினி எங்கள் சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கோழியை மீட்டாள். இரண்டாம் விருந்தாளிக்கு ஒரு ஆட்டுக்குட்டி போனது. "உங்க சொந்தக்காரங்க இப்படியே வந்துக்கிட்டு இருந்தா நான் மாமாவத்தான் பிடிச்சுக் குடுக்கணும் அக்கா" என்றாள். கோழி கொழுத்து, ஊர்த் தலைவர் மனைவி மாதிரி தெருவில் நடந்தது. நாய்கள் வழிவிட்டன.

அடுத்த குளிரில் ஒரு காலை, நெடுஞ்சாலைத் தேநீர்க் கடையிலிருந்து அழைப்பு வந்தது. சப்ஸலை யாரோ சாலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். சித்தப்பா செருப்புப் போடாமல் ஓடினார்.

அண்ணன் வந்து முற்றத்தில் உட்கார்ந்தான். தாடி வளர்ந்திருந்தது. மெலிந்திருந்தான். காலில் யாருடையதோ பெரிய செருப்பு. கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பல பெண்களின் பைக்குள், காணாமல் போன தங்கள் வீட்டு ஆளின் படம் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை, ஆனால் எல்லாருடைய கையும் பையின் மேலேயே இருந்தது. துர்பீபி அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் தண்ணீர் குடித்தான். பேச்சு நின்றது. இனி என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "சப்ஸல், சேதி குடுப்பா."

"பாதை..." என்றான் அண்ணன். "பாதை நல்லா இருந்துச்சு."

நிறுத்திவிட்டான். தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டது. அவன் கதவைப் பார்த்தான். கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் பட்டுக் கிலுகிலுவென்று ஆடியது. அதை நிறுத்த இன்னொரு கையால் பிடித்தான். அதுவும் ஆடியது. யாரும் குறுக்கே பேசவில்லை. மரியாதையாகக் காத்திருந்தார்கள். எத்தனை நேரமானாலும் காத்திருப்பார்கள், அதுதான் முறை. மதினி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மன்னிக்கணும்" என்றாள் அவள். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அண்ணனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "இவரு குடுக்கிறதுக்கு முன்னால, என்கிட்ட இவருக்குப் பாக்கி ஒண்ணு இருக்கு. பாதியில நிக்குது. அத முடிக்காம இன்னொண்ணத் தொடங்குறது முறையில்ல."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அது முறைதான், மறுக்க முடியாது.

"அந்தக் கோழி" என்று தொடங்கினாள் மதினி.

கோழியின் பிறப்பிலிருந்து ஆரம்பித்தாள். அதன் தாய் எங்கிருந்து வந்தது, அதை விற்றவர் யார், அவருடைய மாமனாருக்கு என்ன வியாதி. முட்டை வழக்கில் இரு பக்கத்து நியாயத்தையும் சொன்னாள். துர்பீபி அக்காவின் பக்கத்தைச் சொல்லும்போது குரலைக்கூட மாற்றினாள். சேவல் போன கதை, குட்டி போன கதை, சித்தப்பா பிழைத்த கதை. யாரும் குறுக்கே பேச முடியவில்லை. வாசலோரத்தில் இருந்தவர்கள் மெதுவாக எழுந்தார்கள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது முற்றத்தில் பாதிப்பேர் இல்லை. தொழுதுவிட்டு வந்து பார்த்தவர்கள், கோழி இன்னும் முதல் முட்டையிலேயே இருப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "சொல்லும்மா, சொல்லு. அந்த மாமனாருக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று எடுத்துக் கொடுத்தார். குறுக்கே பேசி முறை தவறிய ஒரே ஆள் அன்று அவர்தான்.

அண்ணனின் கையில் கோப்பை ஆடாமல் நின்றிருந்தது. தேநீர் முழுதும் குடித்திருந்தான்.

கடைசியில் துர்பீபி அக்கா மட்டும் சுவரோரம் இருந்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. மதினி அவளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு, "மற்றபடி நலம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் காலிக் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"கண்ணக் கட்டித்தான் வச்சிருந்தாங்க" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து. "யாரையும் பாக்கல அக்கா. பேசவும் விட மாட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் தும்முவான்."

துர்பீபி அக்காவின் கை பைக்குள் போனது.

"ஆரம்பிச்சா நிக்காது. காவக்காரன் வந்து கதவ அடிச்சுத் திட்டுவான். அப்பவும் நிக்காது. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். இதுதான் கடைசின்னு நினைப்பேன், இன்னொண்ணு வரும்." அண்ணனின் உதடு கொஞ்சம் கோணியது. "என் கல்யாணம் ஞாபகம் வரும்."

"இந்தக் குளிர்லயா?" என்றாள் துர்பீபி அக்கா.

"இந்தக் குளிர்லதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "அது கம்பளி. அவனுக்கு ஆட்டுமயிர்க் கம்பளி ஆகாது. கேட்டு வேற வாங்கிக்கடான்னா கேக்க மாட்டான். குடுத்ததப் போத்திக்கிட்டுப் படுத்திருப்பான், சோம்பேறி." திட்டிக்கொண்டே வாசலுக்குப் போனாள். தெருவிலும் திட்டினாள். யாரோ "எல்லாம் நலமா?" என்று கேட்டதும், "என் மகன் தும்முறான்" என்று அவள் சொன்னதும் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. அப்போதுதான் அண்ணன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மதினி பைக்குள் கைவிட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து, அதைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டு, துணியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த விசாரணைக்குத் துர்பீபி அக்கா கிளம்பியபோது, மதினியும் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"உன் ஆளுதான் வந்துட்டானே" என்றார் சித்தப்பா. "நீ எதுக்கும்மா?"

"அக்காவுக்குச் சேதி குடுக்கத் தெரியாது மாமா. மகன் தும்முறான்னு ஒரே வரில முடிச்சுருவாங்க. அதிகாரி அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாரு. நான் நிக்காஹ்லேருந்து ஆரம்பிக்கணும்."

அண்ணன் ஒரு மோட்டார் பார்க்கப் போகவேண்டும் என்று எழுந்தான். ஆனால் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினான், அது கொத்தியது. அவன் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் அவர்களைப் பேருந்து வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். துர்பீபி அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தும்முகிற படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். மதினி படியில் காலை வைத்தாள். கண்டக்டர் புதுப் பையன், எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவன், ஆனால் மதினியைத் தெரியாதவன். மரியாதைக்கு, "எல்லாம் நலமா அக்கா?" என்று கேட்டுவிட்டான்.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கிப் போனார்.